மீனுவின் பலகை ஓடுகிறது, அப்பா

என் பிரியத்துக்கும் சின்னச் சின்னக் கோபங்களுக்கும் உரிய அப்பாவுக்கு,

நீங்கள் எங்களை விட்டுப் போய் நான்கு வருஷம் ஆகிறது. எழுத விஷயம் இல்லாமல் இல்லை. எதை எழுதினாலும் ‘அதெல்லாம் இருக்கட்டும், மீனு எப்படி இருக்கா?’ என்றுதான் முதலில் கேட்பீர்கள். அதற்கு ஒரு சரியான பதில் கைக்கு வரட்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். இப்போது வந்திருக்கிறது. கேட்டால் உங்களுக்குக் கொஞ்சம் வலிக்கும். அதனால் முதலிலிருந்தே வரிசையாகச் சொல்கிறேன்.

மீனுவோடு என் வீட்டுக்கு வந்த உங்கள் பழைய கம்ப்யூட்டர் இந்த ஆடி மழையில் போய்விட்டது. இங்கே குகட்பள்ளியில் கரண்ட் வருவதும் போவதுமாக இருந்த ஒரு மத்தியானம், ‘டப்’ என்று ஒரு சத்தம், கருகின வாசனை. அவ்வளவுதான். மீனு என்னிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். பாதி வாக்கியத்தில் திரை இருண்டுவிட்டது.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். என் தங்கை மீனாட்சிக்குப் பிறந்ததிலிருந்தே கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்காது. வாயைத் திறந்தால் சத்தம் வரும், சொல் வராது. புத்தியில் ஒரு குறையும் இல்லை. ‘வாய் மட்டும் இருந்தா ஊரையே வித்துடுவா’ என்று அம்மா சொல்வாள்.

அவளுக்குப் பதினோரு வயதில் நீங்கள் அந்தப் பலகையைச் செய்தீர்கள். பலகை என்றால் மரப்பலகை இல்லை, ஒரு கம்ப்யூட்டர் நிரல். லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கணினிப் பிரிவில் உங்களுக்கு வேலை. கம்ப்யூட்டரில் தமிழைப் பார்ப்பதே அபூர்வமாக இருந்த காலம். கிராஃப் தாளில் ஒவ்வோர் எழுத்தையும் புள்ளி புள்ளியாக வரைந்து உள்ளே ஏற்றினீர்கள். திரையில் எழுத்துகள் வரிசை வரிசையாக நிற்கும். ஒரு மஞ்சள் பட்டை மேலிருந்து வரிசை வரிசையாக இறங்கி வரும். வேண்டிய வரிசைக்கு வந்ததும் மீனு காலிங்பெல் சுவிட்சை அழுத்துவாள். பட்டை அந்த வரிசைக்குள் எழுத்து எழுத்தாக நகரும். மறுபடி அழுத்தினால் ஒரு எழுத்து விழும்.

கடைசி வரிசையில் அவசரத்துக்கு முழுச் சொற்கள்: வலிக்குது, பசிக்குது, அப்பா, ஹவ், நக்கோ. ‘ஆமாம்’ என்பதற்கு ஹவ்; இல்லைக்கும் வேண்டாமுக்கும் சேர்த்து நக்கோ. அது மீனுவின் பிடிவாதம். நம் ரயில்வே குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் தெருவில் கேட்ட உருதுவைக் கலந்து அப்படித்தான் பேசினார்கள், அவளும் அப்படியே பேச வேண்டுமாம். முதல் நாள் முழு வாக்கியமாக அவள் எழுதியது ‘அக்கா கிள்ளினா’. உண்மைதான், கிள்ளியிருந்தேன். உங்களிடம் அன்றைக்கு எனக்கு நன்றாகக் கிடைத்தது.

சரி, இந்த வருஷத்துக்கு வருகிறேன். பலகை போனதும் பழையபடி கண் ஜாடைக்குத் திரும்பினோம். நான் அ, ஆ என்று சொல்லிக்கொண்டே போவேன். வேண்டிய எழுத்து வந்ததும் அவள் கண்ணை மேலே தூக்குவாள். என் பொறுமை உங்களுக்குத் தெரியாததா? இரண்டாவது எழுத்திலேயே ‘பசியா? ஃபேனா? பாத்ரூமா?’ என்று அவளுக்காக நானே பேசி முடித்துவிடுவேன்.

ஒரு புதன்கிழமை சாப்பாட்டைத் துப்பினாள். கம்ப்யூட்டர் இல்லாத கோபம் என்று நினைத்துக்கொண்டு திட்டினேன். வெள்ளிக்கிழமை காலையில்தான் கன்னம் வீங்கியிருந்ததைப் பார்த்தேன். கடைவாய்ப்பல். இரண்டு நாள் அந்த வலியோடு என் திட்டையும் வாங்கிக்கொண்டு கிடந்திருக்கிறாள். பல் டாக்டரைப் பார்த்துவிட்டு வரும்போது ஆட்டோவில் நான் அழுதேன் அப்பா. அவள் என் தோளில் தலையை முட்டினாள். போகட்டும் விடு என்கிறாளா, நன்றாக அழு என்கிறாளா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

டேப்லெட் வாங்கு, எத்தனையோ ஆப் இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். வாங்கினேன். நல்ல ஆப்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் எழுத்துகள் வேறு மாதிரி அடுக்கியிருந்தன. முப்பது வருஷத்துக்கு மேல் ஒரே அட்டவணையில் பழகிய கை எங்கே போகும்? ஒரு வாரம் முயன்று பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பஸ் ஸ்டாப் பக்கத்தில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் கரீம் பாயிடம் உங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். நல்லவேளை, ஹார்ட் டிஸ்க் பிழைத்திருந்தது. நிரலை அப்படியே எடுத்து என் லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தார். திறந்தால், இது இந்தக் கணினியில் ஓடாது என்று ஒரு வரி வந்து நின்றது. ‘நை ஹோத்தா மேடம்’ என்று கரீம் பாயும் கையை விரித்தார். அந்தக் காலத்து நிரலின் பாஷையை இந்தக் காலத்துக் கணினி மறந்துவிட்டது என்று தன் உருதுவில் எனக்கு விளக்கினார்.

மனிதர் அதோடு விடவில்லை. இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். புதுக் கணினிக்குள் இருந்துகொண்டு பழைய கணினி மாதிரி நடிக்கிற ஒரு மென்பொருள் இருக்கிறதாம், இலவசமாகவே கிடைக்கிறதாம். அதற்குள் உங்கள் நிரலை ஓடவிட்டார். வந்துவிட்டது அப்பா. கிராஃப் தாளில் நீங்கள் வரைந்த எழுத்துகள் ஒன்று விடாமல் வந்து நின்றன. உங்கள் ‘ழ’வின் வால் கொஞ்சம் கோணல், அதுவும் அப்படியே.

‘யே கோன் பனாயா மேடம்?’ இதைச் செய்தது யார் என்று கேட்டார் கரீம் பாய்.

‘எங்க அப்பா’ என்றேன்.

ஆனால் பட்டை நிற்கவில்லை. மேலிருந்து கீழே, மறுபடி மேலிருந்து கீழே, கண்ணுக்குப் பிடிபடாமல் பறந்தது. அது எனக்குப் புதிதில்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் நம் வீட்டில் ஏற்கெனவே நடந்ததுதானே?

மீனுவுக்கு அப்போது இருபத்து நான்கு வயது. அவளுக்காக ஆசையாகப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கி வந்தீர்கள். பலகையை அதில் போட்டதும் பட்டை இப்படித்தான் பறந்தது. ஏன் என்று எனக்கு நீங்கள்தான் சொன்னீர்கள். ஒவ்வொரு வரிசையிலும் இத்தனை எண்ணும் வரை நில் என்று பட்டைக்குச் சொல்லியிருக்கிறீர்கள். கண்ணாமூச்சியில் வேகமாக எண்ணுகிற பிள்ளை சீக்கிரம் தேடக் கிளம்பிவிடும் இல்லையா, அது மாதிரி புதுக் கம்ப்யூட்டர் மளமளவென்று எண்ணிவிட்டு ஓடிவிட்டது. ‘எண்ணுன்னு சொல்லிட்டேன், கடிகாரத்தைப் பாருன்னு சொல்லியிருக்கணும்’ என்றீர்கள்.

திருத்தலாம் என்றால், நீங்கள் எழுதிய மூல நிரல் இருந்த ஃபிளாப்பிகளில் பூஞ்சை பிடித்திருந்தது. ஒன்றைக்கூடக் கம்ப்யூட்டரால் படிக்க முடியவில்லை. அது இல்லாமல் திருத்த வழியில்லை. அவற்றைச் சுற்றிலும் பரப்பிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டீர்கள். அப்போது பறக்கிற பட்டையைப் பார்த்து மீனு வீடே அதிர ஒரு கத்துக் கத்தினாள். உடனே அவளைப் பழைய கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து ‘பயந்துட்டியாம்மா?’ என்று கேட்டீர்கள். அவள் ஹவ் என்றாள். அதோடு புதுசு என் வீட்டுக்கு வந்தது. பழசுக்காக உதிரி பாகம் தேடிப் பழைய சாமான் கடைகளில் கடைசி வரைக்கும் அலைந்தீர்கள்.

இந்தத் தடவை ஒரு வசதி இருந்தது. நடிக்கிற கணினி எவ்வளவு வேகமாக நடிக்க வேண்டும் என்பதை நாமே வைத்துக்கொள்ளலாம், ஒரு எண்ணை மாற்றினால் போதும். கணக்கு டீச்சர் சும்மா இருப்பேனா? மீனு பலகையில் எழுதுவதை நீங்கள் எப்போதோ எடுத்த வீடியோ என் ஃபோனில் இருந்தது. ஸ்டாப் வாட்ச் வைத்துப் பார்த்தேன். ஒரு வரிசையில் பட்டை மூன்று விநாடி நிற்கிறது. நான்கு நாள் அந்த எண்ணோடு மல்லுக்கட்டி, துல்லியமாக அதே மூன்று விநாடிக்குக் கொண்டுவந்தேன். கரீம் பாய் காலிங்பெல் சுவிட்சைப் புது கீபோர்டில் இணைத்துக் கொடுத்தார். உங்களுக்கே திருப்தியாக இருந்திருக்கும்.

மீனுவை உட்காரவைத்தேன். பட்டை இறங்கியது. அவள் அழுத்தினாள். என்ன சொல்லப்போகிறாள்? உங்களைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். எழுத்து எழுத்தாக வந்தது: ‘ஸ்லோ’.

‘அப்பா வச்ச அதே ஸ்பீடுடி! வாட்ச் வச்சுப் பார்த்திருக்கேன்’ என்றேன்.

‘தெரியும்’ என்று எழுதினாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் கை சுவிட்சிலேயே இருந்தது. காத்திருந்தேன். ‘அப்பவும் ஸ்லோ.’

‘எப்பலேர்ந்து?’

‘ரொம்ப நாளா.’

‘அன்னிக்குப் புது கம்ப்யூட்டர்ல வேகமா போனப்போ பயந்துபோய்க் கத்தினியே?’

‘நக்கோ. சிரிச்சேன்.’

‘அப்புறம் ஏண்டி அப்பாகிட்ட ஹவ்னு சொன்னே?’

பட்டை மேல் வரிசையிலிருந்து நிதானமாக இறங்கியது. கடைசி வரிசைக்கு வந்ததும் அழுத்தி ‘அப்பா’ என்ற சொல்லை எடுத்தாள். பிறகு மூன்று எழுத்து. நிமிஷக் கணக்காக நின்று பார்த்தேன். திரையில் இருந்தது இதுதான்: ‘அப்பா முகம்.’

அப்பா, அவள் எழுதியதை எழுதியபடியே சொல்லிவிட்டேன். பூஞ்சை பிடித்த ஃபிளாப்பிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த உங்கள் முகத்தை அவள் பார்த்திருக்கிறாள். உங்களால் இனி மாற்ற முடியாது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. முடியாததைக் கேட்டு உங்களை நோகடிப்பானேன் என்று, பதினோரு வயதுக் கைக்கு வைத்த வேகத்திலேயே இருபது வருஷம் பேசியிருக்கிறாள். நீங்கள் அவளுக்காகப் பொறுத்துக்கொண்டீர்கள் என்று ஊரே சொன்னது. அவள் பொறுத்துக்கொண்டது ஒருவருக்கும் தெரியாது.

எத்தனை வாக்கியங்களை இவ்வளவு நேரமாகுமே என்று தொடங்காமலேயே விட்டிருப்பாள்? சாப்பாட்டு மேஜையில் நாம் சிரித்து ஓய்ந்த பிறகு அவள் பதில் வந்து சேர்ந்த நாட்கள் எத்தனை? உங்களைக் குற்றம் சொல்லவில்லை. உங்களுக்கு வழி இல்லை. எனக்கு வழி இருந்தது. எண்ணை மாற்றுவதற்கு முன்னால் ‘உனக்கு எவ்வளவு வேகம் வேணும்?’ என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பக்கத்து அறையில்தான் இருந்தாள். நான் வீடியோவைக் கேட்டேன்.

இப்போது பட்டை ஒரு விநாடிகூட நிற்பதில்லை. முதல் இரண்டு நாள் தப்புத் தப்பாக விழுந்தது, அவளே சிரித்தாள். இடது முழங்கால் பக்கத்தில் கரீம் பாய் இன்னொரு சுவிட்ச் வைத்திருக்கிறார். ஒருமுறை தட்டினால் வேகம் கூடும், நீளமாக அழுத்தினால் குறையும். காலையில் கை விறைப்பாக இருந்தால் குறைத்துக்கொள்கிறாள். கோபம் வந்தால் கூட்டிக்கொள்கிறாள்.

இதையெல்லாம் உங்களுக்கு எழுதலாமா என்று அவளைக் கேட்டேன். ‘இப்ப எழுது’ என்றாள். இனி உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்றா? அங்கே அம்மாவும் உங்கள் பக்கத்தில் இருக்கிறாள், தாங்கிக்கொள்வீர்கள் என்றா? நான் கேட்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் தங்கை, கமலா அத்தை, சாப்பிட வந்திருந்தாள். நான் பரிமாறிக்கொண்டே வழக்கம்போல அளந்துகொண்டிருந்தேன். ‘மீனுவுக்குப் பாகற்காய்னா உயிர் அத்தை, அவளுக்காகத்தான் வாராவாரம்...’ மீனு தொண்டையில் ஒரு சத்தம் கொடுத்தாள். திரும்பிப் பார்த்தால் திரையில், ‘பொய். உனக்குதான்.’

அத்தைக்குப் புரையேறிவிட்டது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ‘நான் பேசி முடிக்கிற வரைக்கும் இருக்க மாட்டியாடி நீ?’ என்று கத்தினேன்.

கத்திய பிறகுதான் உறைத்தது. பிறந்ததிலிருந்து அவளிடம் ஒருவர்கூட இந்த வார்த்தையைச் சொன்னதில்லை. சொல்ல வேண்டி வந்ததில்லை. கரண்டியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றேன். அத்தையும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். பட்டை நான்கு ஓட்டம் ஓடியிருக்கும். பதில் வந்துவிட்டது: ‘மாட்டேன்.’

அப்பா, உங்களுக்கு ஒரு வாக்கு தருகிறேன். இந்தக் கணினியும் ஒருநாள் பழசாகும், வேறு வரும், அதுவும் முரண்டு பிடிக்கும். அப்போது எதைத் தொடுவதற்கு முன்னாலும் முதலில் அவளைக் கேட்பேன். அவள் வாக்கியத்தை நான் முடித்துவைக்க மாட்டேன். என் பேச்சுக்குக் குறுக்கே அவள் வந்தால் எனக்குக் கோபம் வரும், அது என் சுபாவம், மாறாது. கோபத்தோடேயே வாயை மூடிக்கொண்டு, அவள் என்ன சொல்கிறாள் என்று திரும்பிப் பார்ப்பேன்.

உங்கள் மூத்த மகள்,
நாற்பத்து நான்கு வருஷம் கழித்துத் தங்கையிடம் பேச்சு வாங்கத் தொடங்கியிருக்கும் அக்கா,
வசந்தா