கிரேன் ஓட்டுபவர் ஒருவர்தான்

4.2.2002
நிதி விண்ணப்பம் கிட்டத்தட்ட முடிந்தது. எண்ணூர்க் குப்பத்தில் நாற்பத்தாறு வீடுகளின் மூச்சுத்திணறலை இரண்டு வருடம் தொடர்ந்து பார்க்க வேண்டும். ஒன்பதாவது கேள்வி: 'சேகரிக்கும் தகவல் எங்கே இருக்கும், யார் பார்க்கலாம்?' 'துறைக் கணினியில், பாதுகாப்பாக' என்று எழுதினேன். துறைத்தலைவர் அம்புரோஸ் சார், "போதும் ஹெப்சிபா, அதை யாரும் படிக்கிறதில்ல" என்றார்.

9.2
முன்னோட்டமாகக் குப்பத்தில் மூச்சளவுக் கருவியில் ஊதச் சொல்லி அளந்தோம். மலர்க்கொடி ஊதினாள். அவள் கணவர் ராசையா மறுத்துவிட்டார்.

"பேரு வெளிய போச்சுன்னா காண்ட்ராக்டர் என்னிய கேட்டாண்டயே நிறுத்திடுவான். இந்த நோட்டு யார் கைக்குப் போவும், உனுக்குத் தெரியுமாமா?"

தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். எங்கே தெரியும்? துறைக் கணினியின் கடவுச்சொல்லைத் திரை ஓரத்திலேயே ஒட்டி வைத்திருக்கிறோம்.

10.2
பெயர்களை எடுத்துவிட்டு எண் போட்டேன். நிம்மதியாக இருந்தது — மலர்க்கொடியின் வரியைப் படிக்கும்வரை. 'பெண், 36. கணவர் கிரேன் ஓட்டுபவர், ஓயாத இருமல்.' அந்தக் குப்பத்தில் கிரேன் ஓட்டுபவர் ஒருவர்தான். பேர் எதற்கு? வேண்டாம் என்றவரை நான் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறேன். யாரைக் கேட்டு எழுதினேன்?

13.2
தொழிலையும் நீக்கிவிடலாமா என்று கேட்டேன். "தொழிலை எடுத்துட்டா ஆய்வுல என்னம்மா மிச்சம்?" என்றார் சார். சரிதான். நாளை மறுநாள் கடைசித் தேதி.

14.2
ஒன்பதாவது கேள்விக்கு மட்டும் மூன்று பக்கம். தொழிலை நான்கே பிரிவாக்கினேன். கிரேன், லாரி, பாய்லர் எல்லாம் 'இயந்திர வேலை'. பெயர்ப் பட்டியல் தனி நோட்டில், பூட்டி. ஐந்து வருடத்தில் எரிக்கப்படும். யார் வேண்டாம் என்றாலும் அவரைப் பற்றிய வரி நீக்கப்படும். ராசையாவைப் பற்றியதை அடித்தேன். சார் மூன்று பக்கத்தையும் புரட்டினார், பெருமூச்சு விட்டார், கையெழுத்துப் போட்டார்.

22.5
நிதி கிடைத்தது. ஒரு வருடத்துக்கு மட்டும்.

8.6
குப்பம். ராசையாவிடம், அவர் இருமலைப் பற்றி எழுதியிருந்ததையும் அடித்ததையும் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். மனசு கேக்கல. அவர் மலர்க்கொடியைத் திரும்பிப் பார்த்தார்.

"நீ இருமுறது ஊருக்கே கேக்குது. நான் சொன்னா இன்னாவாம்?" என்றாள்.

"அடிச்சாச்சுல்ல, அத்த எதுக்குமா வந்து சொல்ற?" என்றார் என்னிடம்.

"உங்களப் பத்தினதுதானேண்ணா."

அவர் கருவிக்குக் கையை நீட்டினார். "அத்த இப்டி குடு."

மூன்று தடவை ஊதினார். ஐந்நூறைத் தொட வேண்டிய முள் இருநூறைத் தாண்டவில்லை. எத்தினி என்று கேட்டார். சொன்னேன்.

"எழுதிக்க," என்றார்.