ரெண்டு ஆள் வேணும் சார்

ஜூன் 11, 1979. திங்கள்.

விடாத மழை. ஆண் வார்டு விரிப்பு ஒன்றுகூடக் காயவில்லை. பக்கத்து இஞ்சிக் கோடவுன் தாழ்வாரத்தில் கயிறு கட்டிப் பார்த்தேன். அங்கேயும் ஒழுகல்.

மணியை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். இனி இந்த நர்ஸிங் ஹோமில் ஆண்கள் பக்கத்துக்கு அட்டெண்டர் நான் ஒருத்தன்தான். தூக்க, குளிப்பாட்ட, பெட்பான் வைக்க, சவரம் செய்ய, எல்லாம். ஆயாக்கள் பெண்கள் பக்கம் மட்டும். அது மேனேஜர் போட்ட சட்டம். (இனி மே. என்றே எழுதுகிறேன். அந்த ஆளுக்கு முழுசாக எழுதினால் மை தண்டம்.)

நடந்ததை எழுதி வைத்துவிட வேண்டும். ஆத்திரத்தில் எதுவும் விட்டுப்போகக் கூடாது.

சனிக்கிழமை மே. என்னைத் தன் வீட்டுக்கு அனுப்பினார். சுண்ணாம்பு அடிக்கிறார்களாம், பீரோ நகர்த்த ஆள் வேண்டுமாம். வார்டில் மணி தனி. நோயாளி வறீது சேட்டன் கக்கூஸ் போகணும் என்றார். "சார், ஒரு கை பிடிங்க" என்று மணி ஆபீஸில் போய்க் கேட்டிருக்கிறான். மே. பேப்பரிலிருந்து தலை நிமிராமல், "ஒராள் போதும்டா. தூக்கு." தூக்கினான். ஈரத் தரை. கிழவர் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

சாயங்காலம் சேட்டனின் மகன் அந்தோணி வருவதற்குள் வார்டுச் சுவரில் புதிதாக ஒரு நோட்டீஸ். எந்த நோயாளியையும் ஒருவர் தனியாகத் தூக்கக் கூடாது, இருவர் வேண்டும். பசைகூடக் காயவில்லை. அதைக் காட்டி மே. கண் கலங்கினார். "சட்டம் இருக்கு மோனே. இவன் அனுசரிக்கல." ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதை. அந்தோணி எல்லார் முன்னாலும் மணியை அறைந்தான்.

நான் திரும்பி வந்தபோது மணி கன்னத்தில் விரல் தடம். விஷயத்தை அவனிடம் கேட்டுக்கொண்டு அந்தோணியிடம் ஓடினேன், சொன்னேன். "இவன் அவனோட கூட்டுக்காரன், இப்படித்தான் சொல்லுவான்" என்றார் மே. முடிந்தது.

படுபாவி. விடமாட்டேன்.

ஜூன் 12. செவ்வாய்.

மழை. வேலை முடிந்து பள்ளுருத்திக்கு, மணி வீட்டுக்கு. பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. அவன் பெண்டாட்டி செல்வி வாசலில் பிடித்துக்கொண்டாள். "குழாயடியில 'ஆளக் கீழ போட்டவன் பொண்டாட்டி'ங்கறாளுங்கண்ணே. கொடத்தை வச்சிட்டு வந்துட்டேன்."

மணி கேட்டது ஒன்றுதான். "வறீது சேட்டன் எப்படி இருக்காருண்ணே?" தெரியவில்லை என்றேன். அப்புறம் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

பஸ்ஸில் நின்றுகொண்டே யோசித்தேன். சட்டம் போட்டது மே. நான் அதை அனுசரிக்கப் போகிறேன். அவ்வளவுதான். யார் என்ன குற்றம் சொல்ல முடியும்?

ஜூன் 13. புதன்.

காலைச் சாயா மே. வாய்க்குப் போகிற நேரம் பார்த்துப் போய் நின்றேன்.

"சார், மூணாம் கட்டில்காரரைத் தூக்கணும். ரெண்டு ஆள் வேணும்."

"நீ தூக்குடா."

"சுவத்துல போட்டிருக்கே சார்."

"அதெல்லாம்..." முடிக்கவில்லை. வெளியே விசிட்டர்கள். நோட்டீஸைக் கிழிக்கவும் வழியில்லை. அந்தோணி வக்கீலைப் பார்த்திருக்கிறானாம், எப்போது வேண்டுமானாலும் வந்து நிற்பான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். கால் பக்கத்தை அவருக்குக் கொடுத்தேன். அந்தப் பக்கம்தான் நனைந்திருந்தது.

மூணாம் கட்டில்காரருக்குக் கண் சரியாகத் தெரியாது. "புதிய ஆளாணோ சாகுலே? பிடி போரா" என்றார். பிடி போதவில்லையாம். சிரிப்பை அடக்க வராந்தாவுக்கு ஓடிவிட்டேன்.

அப்புறம் எத்தனை தடவை கூப்பிட்டேன் என்று எண்ணவில்லை. ஒவ்வொன்றும் ருசி.

ஜூன் 15. வெள்ளி.

தூறல். ஜும்மா தொழுதேன். மே. நாசமாய்ப் போகணும் என்று துவா கேட்கலாமா? கேட்டுவிட்டேன்.

புது ஆள் தேடுகிறார். வைட்டிலாவிலிருந்து ஒருத்தன் வந்தான். பெட்பானைப் பார்த்தான், சம்பளத்தைக் கேட்டான், குடையைக்கூட எடுக்காமல் ஓடினான். நல்ல குடை.

நர்ஸ் சிஸ்டர் குவைத் போன இடமும் காலியாகத்தான் கிடக்கிறது. அவள் மேஜை இருந்த இடத்தில் மே. மீன் தொட்டி வைத்திருக்கிறார். மீனுக்கு வேளாவேளைக்குத் தீனி. பார்க்க ஆள் உண்டு.

மதியம் அவர் சோற்றில் கை வைத்ததும், "அஞ்சாம் கட்டில்காரருக்கு விரிப்பு மாத்தணும் சார்." வந்தார். திரும்பிப் போய் சோற்றை மூடி வைத்தார். சாப்பிடவில்லை.

வாங்க: பிளேடு, டெட்டால், உம்மாவுக்குத் தைலம்.

ஜூன் 18. திங்கள்.

அல்லா கண் திறந்துவிட்டான். பெரிய முதலாளி இங்கேயே நோயாளியாக வந்து சேர்ந்தார். ஹோமின் சொந்தக்காரர், மே.யின் மாமனார். வாதம். இடப்பக்கம் விழுந்துவிட்டது. வாய் கோணல், புத்தி தெளிவு. வீட்டில் பார்க்க ஆள் இல்லையாம். ஜன்னலோரக் கட்டில். மிளகு மூட்டைக் கனம்.

"எடா, மற்றே ஆள் எவிடே?" என்றார்.

"சார்தான் அந்த ஆள், முதலாளி."

மருமகனை ஏற இறங்கப் பார்த்தார். "கொள்ளாம்" என்றார். நன்றாயிருக்கிறது என்று அர்த்தம். மே. பல்லைக் கடித்துக்கொண்டு அவர் காலைப் பிடித்தார்.

பிறகு என்னை வராந்தாவில் மடக்கினார். "நீ என்னைப் பழி வாங்குறியாடா?"

"இல்ல சார். அனுசரிக்கிறேன்."

மணி இன்றும் சாப்பிடவில்லை என்று செல்வி சொல்லியனுப்பினாள்.

ஜூன் 20. புதன்.

பேனாவைக் கீழே வைக்க மனசில்லை. சந்தோஷத்தில்.

காலை முதலாளியைக் கமோடு நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாற்றினோம். நிமிரும்போது மே. "ஐயோ" என்று தரையில் உட்கார்ந்தார். பிறகு படுத்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது.

"சாகுலே, தூக்குடா."

"ரெண்டு ஆள் வேணும் சார்."

"உயிர் போகுதுடா. ஒராளே தூக்கலாம், யாரும் பாக்கல."

"சட்டம் சார்."

"என்ன மயிருச் சட்டம்! வறீது விழுந்த பிறகு நான் ஒட்டினதுதானே அது! உனக்கே தெரியும். தூக்குடா நாயே!"

முதலாளி கண்ணை மூடியிருந்தார். தூக்கம் என்று மே. நினைத்திருப்பார். கண் திறந்தது. கோண வாயில் ஒவ்வொரு சொல்லாக வந்தது. "அப்போ... மணி?"

எல்லாம் சொன்னேன். பீரோ, சுண்ணாம்பு, ஒராள் போதும், காயாத பசை. மே. தரையில் கிடந்து கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு தடவை "சாகுலே, வேண்டாம்" என்றார். நிறுத்தவில்லை. உப்பைத் தின்னவன் தண்ணி குடிக்கணும். சொல்லி முடித்த பிறகுதான் எதிர்க்கடைக்காரரைக் கூப்பிட்டு, இரண்டு பேராகத் தூக்கினோம். காலியாக இருந்தது வறீது சேட்டன் கட்டில்தான். அதில்தான் போட்டோம்.

முதலாளி சொன்னார்: "மணியை விளி. வறீதின்றெ மகனையும் விளி. இவன் பறயட்டே." இரண்டு பேரையும் கூப்பிடவேண்டும், மருமகன் வாயால் சொல்லவேண்டும்.

வீட்டில் இரண்டாம் தடவையும் சோறு கேட்டேன். உம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஜூன் 22. வெள்ளி.

மழை விட்டிருக்கிறது. விரிப்பெல்லாம் மாடியில்.

மணி வந்தான். இஸ்திரி போட்ட சட்டை. செல்விதான் தள்ளிவிட்டிருப்பாள். ஆள் பாதியாகிவிட்டான். வந்ததும் இருவரும் மே.யைப் புரட்டித் துடைத்தோம். மணி வெந்நீர் எங்கே என்றான். "பச்சைத் தண்ணி போதும்டா இந்த ஆளுக்கு" என்றேன். அவனே போய்ச் சுடவைத்துக் கொண்டுவந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவனுக்காகத்தானே நான் இவ்வளவும்!

ஜும்மாவுக்கு முன்னால் அந்தோணி வந்தான். அப்பனுக்கு ஆபரேஷன் முடிந்ததாம். உயிருக்குப் பயமில்லை, இனி நடக்க மாட்டாராம். மணி அதைக் கேட்டுக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

முதலாளி தலையணையில் சாய்ந்து, "பறயடா" என்றார்.

மே. விட்டத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அவன் ஆள் கேட்டான். நான்தான் ஒராள் போதும்னேன். மற்றே அட்டெண்டர் என் வீட்டுல இருந்தான். நோட்டீஸ் பிறகு ஒட்டினது."

"சத்தமா சொல்லுங்க சார்" என்றேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. மறுபடி சொன்னார். கண்ணில் தண்ணீர். இந்தத் தடவை நிஜம். அந்த முகத்தைவிட்டு நான் கண்ணை எடுக்கவில்லை. இதைப் பார்க்கத்தான் இத்தனை நாள்.

அதனால் அந்தோணி கட்டிலைச் சுற்றி எங்கள் பக்கம் வந்ததைக் கவனிக்கவில்லை. மணிக்கு எதிரில் போய் நின்றான். கையைத் தூக்கினான். தோளில் போடவோ கும்பிடவோதான்.

மணி இரண்டு கையாலும் கன்னத்தைப் பொத்திக்கொண்டான்.