நான்கு நிமிடக் காற்று

மார்ச் 4

அன்புத் தங்கைக்கு,

உன் வீட்டுக்காரர் கேட்ட அட்டவணை இத்துடன். அவர் முதுகில் கட்டி மூழ்கும் பழைய காற்றுச் சிலிண்டரில் அழுத்தம் இருநூறு, அதே அளவுள்ள புதியதில் முந்நூறு. ஒன்றரை மடங்கு அழுத்தம் என்றால் ஒன்றரை மடங்கு காற்று. நாற்பது நிமிடம் இனி அறுபது. கலங்கல் தண்ணீரில் அழுத்தமானி தெரியவில்லை என்றாரே, மேலே ஒருவர் கடிகாரம் பார்த்தால் போதும். பாலத் தூணுக்கடியில் தூங்கிவிட வேண்டாமென்று சொல்!

உன் அக்கா

ஜூன் 19

அக்காவுக்கு,

அவரைத் தண்ணீரிலிருந்து எடுத்து மூன்று வாரம் ஆகிறது. ஐம்பத்தைந்தாவது நிமிடம் ஏறத் தொடங்கியவருக்கு ஐம்பத்தாறில் காற்று நின்றுவிட்டது. காற்றை வீணாக்கினார், தவறு அவருடையது என்கிறது கம்பெனி. பள்ளிக்கூடத்தில் என் மகனிடமும் அதையே சொல்கிறார்கள். காற்று நிரப்பும் மெக்கானிக், "அவ்வளவு அழுத்தத்துல கணக்குப்படி காத்து அடங்காதும்மா" என்கிறார். உண்மையா? "உங்க அக்கா போட்ட கணக்கு தப்பாது" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் அன்று அவர் தண்ணீரில் இறங்கினார். விசாரணைக்கு ஒரு வரி எழுதிக் கொடு, அக்கா.

உன் தங்கை

ஜூலை 2

என் கண்ணுக்கு,

அழுது உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. மெக்கானிக் சொன்னது சரிதான். காற்றின் மூலக்கூறுகள் சற்றுத் தள்ளியிருந்தால் ஒன்றையொன்று இழுக்கும். மிகவும் நெருக்கினால் எதிர்த்துத் தள்ளும். அதனால் முந்நூறில் கணக்கைவிடக் குறைவாகத்தான் அடங்கும். இருபது வருடமாக வகுப்பில் இதைத்தான் நடத்துகிறேன். பத்தாவது தாண்டாதவருக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது என்று எளிய கணக்கைப் போட்டுவிட்டேன். அடுத்த மாதம் எனக்குத் துறைத்தலைவர் பதவி வருகிறது. இந்த நேரத்தில் எழுதிக் கொடு என்கிறாயே, போன உயிர் திரும்பவா போகிறது? அட்டவணையைக் கிழித்துவிடு.

உன் அக்கா

ஜூலை 20

ஆசிரியை அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை விசாரணை அதிகாரியிடம் கொடுத்துவிட்டேன். அட்டவணையைவிட அதுதான் உதவியது. என் வீட்டுக்காரர்மேல் தவறில்லை என்று எழுதிவிட்டார்கள்.

கடிதத்தை அதிகாரி சத்தமாகப் படித்தார். என் வீட்டுக்காரரோடு வேலை செய்த பதினோரு பேரும் அங்கே இருந்தார்கள். அதில் ஒருவர்கூடப் பத்தாவது தாண்டியதில்லை. எல்லோருக்கும் புரிந்தது.

"பெரியம்மாவுக்குத் தெரிஞ்சேதான் இருந்துச்சாம்மா?" என்று மகன் கேட்டான். ஆமாம் என்றேன். உங்கள் கல்லூரிக்கும் ஒரு நகல் போயிருக்கிறது. எனக்கு உங்கள்மேல் இரக்கம் வரவில்லை, வரட்டுமென்று காத்திருக்கவும் இல்லை.

இனி எழுத வேண்டாம். எழுதினால் அதையும் கொடுத்துவிடுவேன்.

அவர் மனைவி