யார் சொன்னது கரண்ட் இல்லையென்று

மச்சி,

உன் மஞ்சள் டெஸ்டர் இப்போது என் சட்டைப்பையில் இருக்கிறது. பிடியில் உன் பல் பதிந்த தடம் அப்படியே உள்ளது. இரண்டு கையும் வேலையாக இருந்தால் அதைக் கடித்துக்கொண்டே பாடம் நடத்துவாய். பிள்ளைகளுக்குப் பாதி புரியாது, ஆனாலும் சிரிப்பார்கள்.

சைதாப்பேட்டைப் பள்ளியில் ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்கு மின்சாரத்தின் பாலபாடம் சொல்லலாம் என்று என்னை இழுத்துப் போனவன் நீ. சனிக்கிழமை வந்தால் ஆபீஸ் அலுப்பெல்லாம் உனக்கு எங்கேதான் போகுமோ. ஒரு பலகை, ஒரு பல்பு, ஒரு சுவிட்ச், கொஞ்சம் ஒயர். யாராவது ஒயரில் கை வைக்கப் போனால் குறுக்கே நிற்பாய்.

"கரண்ட் கீதா?"

"இல்ல சார்."

"யாரு சொன்னா?"

டெஸ்டர் வைத்துப் பார்க்கும்வரை விடமாட்டாய். "செத்த ஒயர்னு ஒண்ணு கெடையாதுப்பா. செக் பண்ணாத ஒயர்தான் கீது." கேட்டுக் கேட்டு எனக்கே காது புளித்துவிட்டது.

அப்படிப்பட்டவன், கோடம்பாக்கத்தில் உன் சொந்த வீட்டில், மழை பெய்த ஒரு மத்தியானம், சமையலறை விளக்கைக் கழற்ற ஏணியில் ஏறினாய். "மெயின ஆஃப் பண்ணிட்டேன், பயப்படாத" என்று உன் மனைவியிடம் சொன்னாயாம். மெயினை அணைத்ததும் இன்வெர்ட்டர் சத்தமில்லாமல் சமையலறை விளக்கின் லைனை எடுத்துக்கொண்டது. அந்த லைனை இழுத்தவனும் நீதான். டெஸ்டர் கீழே, அடுப்பு மேடைமேல் கிடந்தது. நீ உயிரோடு இறங்கவில்லை. உன்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

போன சனிக்கிழமை வகுப்பு நடக்கும்போதே வானம் கறுத்தது. இடி ஒன்று விழுந்து ஃபேன் நின்றது. பலகையில் ஒரு ஒயர் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. முன் பெஞ்சுப் பெண் எழுந்து அதை நோக்கிக் கை நீட்டினாள்.

"கரண்ட் பூட்ச்சு சார், மாட்டிடவா?"

"யாரு சொன்னா?"

"ஃபேன் நின்னுச்சே சார்."

டெஸ்டரை அவள் கையில் கொடுத்தேன். ஒயரில் வைத்தாள். அந்த இருட்டில், உன் பல் தடத்துக்குள்ளே டெஸ்டர் விளக்கு சிவப்பாக எரிந்தது. ஸ்மார்ட் போர்டுக்காக, நம் பலகையைச் செருகியிருந்த பிளக்குக்கு இன்வெர்ட்டர் லைன் கொடுத்திருந்தார்களாம். எனக்கு அது பிறகுதான் தெரிந்தது.

யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் போய் பலகையின் பிளக்கைப் பிடுங்கினேன்.

"யாரு சொன்னா" என்று அவளிடம் கேட்க நான் இருந்தேன். அன்றைக்கு உன் ஏணியடியில் அப்படிக் கேட்க யாருமில்லையே, மச்சி.