கானையில இறங்குறவர்னு எழுதுங்க

இல்லப்பா, காலேஜுக்குத் திரும்பிப் போகல. எங்க இருந்தாலும் நீ மொதல்ல அதத்தான் கேப்ப, அதான் சொல்லிட்டேன். அப்புறமா திட்டிக்கோ, என் செல்ல அப்பா. இப்ப ஆஸ்பத்திரில இருக்கேன். எனக்கு ஒண்ணுமில்ல. ராசு மாமாவுக்குத்தான்.

உன்கூட மட்டாஞ்சேரி சாக்கடைக் கானையில இறங்கி சேறு வாரினவர், இப்ப உன்ன மாதிரியே இருமுறார். பத்து நாளா காய்ச்சல். உன்ன மாதிரியே சக்கரை வேற. ஆட்டோல வரும்போதே மாமி சொல்லிக் குடுத்துட்டாங்க: "கேட்டா கார்ப்பரேஷன்ல வேலைன்னு மட்டும் சொல்லுடா. சேறு கீறுன்னு வாயத் திறக்காத."

அன்னைக்கு உனக்கு மூச்சு முட்டினப்ப நான் சொன்னதும் அதேதான? பொண்ணு பாக்க வந்தாலும், ஸ்கூல் ஃபார்ம்லயும் நம்ம காலனில எல்லாரும் அப்படித்தான சொல்றோம். டாக்டர் உன்ன ஃபேனுக்கு அடியில ஃபைல் பாக்குறவர்னு நெனச்சிட்டார். சளியில டிபி கிருமி இல்லன்னு வந்தும் டிபி மாத்திரை. கடைசியில ரத்தத்த கல்ச்சர் வெச்சு, அது வளந்து பேர் தெரியறதுக்குள்ள நீ போயிட்ட.

மெலியாய்டோசிஸ். மண்ணுலயும் சேத்துத் தண்ணியிலயும் இருக்கற கிருமியால வர்றதாம். புண்ணு வழியா ஏறுமாம், சக்கரை உள்ளவங்கள சீக்கிரம் சாய்ச்சிடுமாம். "சேத்துல வேலை செய்றவர்னு சொல்லிருந்தா மொதல்லயே தேடிருப்போமே மோனே"ன்னார் டாக்டர்.

நான் பொய் சொன்னப்ப நீ கட்டில்ல கேட்டுட்டுதான இருந்த? நீயாவது ஏம்ப்பா திருத்தல?

இன்னைக்கு சீட்டு எழுதுற சேச்சி "ஜோலி?"ன்னு மாமாவோட வேலையக் கேட்டாங்க. மாமி என் கையக் கிள்ளினாங்க. நான் கத்தியே சொன்னேன்: "கானையில இறங்குறவர். பூட்ஸ் கிடையாது, கிளவுஸ் கிடையாது. சக்கரை இருக்கு. எழுதுங்க சேச்சி." வரிசையே திரும்பிப் பாத்துச்சு. பாக்கட்டும். அவங்க வீட்டுச் சேறுதான அது?

"படிப்ப பாதில விட்டவனுக்கு வாயப் பாரு"ன்னு மாமா இருமிக்கிட்டே சிரிச்சார். அப்புறம் அவரே கைலிய தூக்கிக் கால நீட்டினார். "கண்ணாடி கிழிச்ச புண்ணு இது. இதையும் எழுதச் சொல்லுடா."

உள்ள மறுபடி வெறும் டிபின்னு சொன்னா, ரத்தமும் சளியும் கல்ச்சருக்கு எடுக்காம நான் கதவ விட்டு நகர மாட்டேன். எந்தக் கிருமியத் தேடணும்னு லேபுக்கு எழுதி வாங்குவேன். செக்யூரிட்டி தள்ளினாலும் சரி. இனிமே எவன் கேட்டாலும் உன் வேலைய முழுசா சொல்வேன்பா. சத்தியம்.

மாமாவோட டோக்கன் கூப்பிடுறாங்க. நான் போணும்.

கானையில இறங்கினவர் மகன்