பாதி மூச்சில் ஒரு குலவை

என் தங்க மைனி பேச்சிக்கு,

ஓடி வந்து சொல்ல வேண்டிய சேதி இது. ஓடினால் எனக்கு மூச்சு வாங்கும் என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன். நேற்று உன் மகள், நம் ஈஸ்வரி கழுத்தில் தாலி ஏறிவிட்டது மைனி! குலவையும் விழுந்தது! எப்படி விழுந்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன், நடுவில் குறுக்கே பேசாதே. நீ இருந்த காலத்தில் என்னை ஒரு கதையையாவது முழுதாகச் சொல்ல விட்டிருக்கிறாயா?

மாப்பிள்ளை யார் தெரியுமா? வைப்பின்காரன்! அக்கரைத் தீவு மலையாளத்துப் பையன், தேவராவில் ஏசி ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். உன் வீட்டுக்காரர், என் அருமை அண்ணன், முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பையன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் காய்கறிக் கடைக்கு வந்து சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு லாரியிலிருந்து வெங்காய மூட்டை முழுவதையும் இறக்கிப் போட்டான். அத்தோடு அண்ணன் அடங்கிவிட்டார்.

வைப்பின் என்றதும் உனக்குச் சிரிப்பு வந்திருக்குமே? மார்க்கெட்டில் நம் கடைகள் ஒட்டி ஒட்டி இருந்த நாளில் நீ சொன்னதை மறந்துவிட்டாயா? ஈஸ்வரி அப்போது பூசணிக்காய்க் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். “ஏ மைனி, இவ கல்யாணத்துல நாம ரெண்டு பேரும் போடுத கொலவையில, வைப்பின் போற போட்டு, அந்தப் படகே நின்னு திரும்பிப் பாக்கணும்” என்றாய். நானும் சரி என்று உன் கையில் அடித்துக் கொடுத்தேன்.

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்த நம் இரண்டு பேர் குலவைக்கு மட்டாஞ்சேரித் தமிழர் வீடுகளில் என்ன மரியாதை இருந்தது! நான் மூச்சு எடுக்கும்போது நீ பிடித்துக்கொள்வாய், நீ எடுக்கும்போது நான் பிடித்துக்கொள்வேன். கேட்கிறவர்களுக்கு ஒரே மூச்சு மாதிரி இருக்கும். முடிக்கும்போது மட்டும் நீ தொண்டையைச் சுண்டி மேலே ஒரு எழுப்பு எழுப்புவாயே, அது எனக்குக் கடைசி வரை வரவில்லை.

பிறகு கொரோனா வந்தது. இரண்டு பேரும் ஒன்றாகப் படுத்தோம். நான் வீட்டுக்கு வந்தேன், நீ வரவில்லை. அதைப் பற்றி இன்று அழப் போவதில்லை. கல்யாண வீட்டுச் சேதியோடு வந்திருக்கிறேன்.

ஆனால் நானும் முழுதாக வீடு திரும்பவில்லை, அதை உன்னிடம் சொல்லியாக வேண்டும். காய்ச்சல் போயிற்று, கிருமி போயிற்று, மூச்சு மட்டும் திரும்பவில்லை. குளித்துவிட்டுத் தலை துவட்டினால் இளைக்கும். கடையில் விலை கூவ முடியாமல் சிலேட்டில் எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். படம் எடுத்துப் பார்த்த நெஞ்சு டாக்டரம்மா, நுரையீரலில் தழும்பு விழுந்திருக்கிறது என்றார். புண் ஆறிவிட்டதாம், ஆறின இடம் விறைத்துக்கொண்டதாம். எனக்கு உடனே புரிந்துவிட்டது. பிஞ்சுப் பீர்க்கங்காயை அமுக்கினால் அமுங்கும், கொடியிலேயே முற்றிக் காய்ந்தால் கூடாகிவிடும் இல்லையா, அதுபோல. “இது பழையபடி ஆகுமா?” என்று கேட்டேன். தழும்பு போகாது, ஆனால் நல்லாயிருக்கிற மிச்சத்தைப் பழக்கி வேலை வாங்கலாம் என்றார்.

பழக்கினேன் மைனி! விரலில் மாட்டிப் பிராணவாயு பார்க்கிற கிளிப்பு, மூன்று பந்து போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா, இவைதான் எனக்கு நகை நட்டு. டப்பாவின் குழாயில் மூச்சை இழுத்தால் பந்து எழும்ப வேண்டும். முதலில் ஒரு பந்துகூட அசையவில்லை, சனியன். ஈஸ்வரிக்குக் கல்யாணம் பேசினார்களோ இல்லையோ, எனக்கு வெறி பிடித்துவிட்டது. உதட்டைக் குவித்து மெதுவாக, நீளமாக மூச்சை விடச் சொல்லிக் கொடுத்தார்கள். அடடா, இது பாதிக் குலவை அல்லவா என்று தோன்றியது. நாக்கைச் சுழற்ற வேண்டியது ஒன்றுதான் பாக்கி!

ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு மெல்லப் போட்டுப் பார்த்தேன். உடனே அடுத்த வீட்டு நபீசாத்தா கதவை இடிக்கிறார். “ஆரோட கல்யாணம் வேலம்மா? நம்மள விளிச்சில்லல்லோ!” கூப்பிடாமல் விட்டுவிட்டேன் என்று அவருக்குக் கோபம். விஷயத்தைச் சொன்னதும், “ஞான் வந்து உன் பக்கத்துல இருக்கும், நீ சாகாம நோக்கணும்” என்று தானே காவல் பதவி எடுத்துக்கொண்டார்.

டாக்டரம்மாவிடம் அனுமதி கேட்கப் போனேன். “குரவையோ? ஒண்ணு செஞ்சு காட்டூ” என்றார். காட்டினேன். வெளியே காத்திருந்த கூட்டம் எழுந்து நின்றுவிட்டது, நர்ஸ் என்னவோ ஏதோ என்று உள்ளே ஓடி வந்தாள். டாக்டரம்மா சிரித்து முடித்துவிட்டு, “உட்கார்ந்துட்டு மதி. கிளிப்பு விரல்ல இருக்கணும். தலை சுத்தினா அப்பவே நிறுத்தணும், வாசி பிடிக்காண்டா” என்றார். உட்கார்ந்து போட்டால் போதுமாம், பிடிவாதம் பிடிக்கக் கூடாதாம். என்னிடம் போய்!

இவ்வளவுக்கும் பிறகு உன் மகள் என்னிடம் வந்து மெதுவாகச் சொல்கிறாள்: “அத்தை, உங்களுக்கு முடியலைன்னா வேண்டா. போன்ல ஒரு கொலவ ரெக்கார்ட் இருக்கு, ஸ்பீக்கர்ல இடாம்.” எனக்கு வந்ததே கோபம்! “உங்கம்மா கையில அடிச்சுக் குடுத்தவ நானு, ஸ்பீக்கரா அடிச்சுக் குடுத்துச்சு?” என்று கத்தி, கத்தியதிலேயே இருமல் வந்து, அவளே தண்ணீர் கொடுத்தாள். அந்த ரெக்கார்டை நான் கேட்கக்கூட இல்லை.

இனிமேல்தான் கல்யாணம். மலையாளத்துக் கல்யாணம் உனக்குத் தெரியும்தானே? நம் ஊரில் ஐயர் ஆற அமர மந்திரம் சொல்லுவார். இங்கே கண் மூடித் திறப்பதற்குள் தாலி கட்டி, மாலை மாற்றி, பாதிக் கூட்டம் சத்ய விருந்துப் பந்திக்கு ஓடிவிடும். அதனால் நான் முன் வரிசை நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தேன். நபீசாத்தா என் விரலையும் கிளிப்பையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தான். மேளம் கொட்டி எழுந்தது. நான் உன்னை நினைத்துக்கொண்டு வாயில் கை வைத்தேன்.

எழுந்தது மைனி, குலவை எழுந்தது! கணீரென்று, மேளத்துக்கு மேலே! வைப்பின் கூட்டம் அப்படியே திரும்பிப் பார்த்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் கொஞ்சம் உரக்கப் போட்டுவிட்டேன். பாதியில் மூச்சு அறுந்துவிட்டது. நெஞ்சுக்குள் கதவு சாத்தினது போல அப்படியே நின்றுவிட்டது. “மதி வேலம்மா, மதி!” என்கிறார் நபீசாத்தா. மேளக்காரர்கள் என்னைப் பார்த்து மேளத்தை நிறுத்திவிட்டார்கள். நம் பெண் கழுத்தில் தாலி முடிச்சு விழுகிற நேரம், மண்டபத்தில் சத்தமே இல்லை. பழக்கத்தில் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன், நீ பிடித்துக்கொள்வாய் என்று.

பிடித்தது ஒரு குலவை. மணவறையிலிருந்து வந்தது.

கழுத்து நிறைய மாலையோடு, குனிந்த தலை குனிந்தபடியே, வாயில் கையை வைத்து உன் மகள் குலவை போடுகிறாள்! மாப்பிள்ளை கடைசி முடிச்சைக் கையில் பிடித்தபடி திகைத்து நிற்கிறான். அவள் மூச்சு தீரப் போகும் நேரம் எனக்கு மூச்சு வந்துவிட்டது, நான் பிடித்துக்கொண்டேன். நான் விட்டபோது அவள் பிடித்தாள். முடிச்சு மூன்றும் விழுந்துவிட்டன. முடிக்கும்போது, மைனி, அவள் தொண்டையைச் சுண்டி மேலே ஒரு எழுப்பு எழுப்பினாள். உன் எழுப்பு. அப்படியே உன் எழுப்பு. அழ மாட்டேன் என்று மேலே எழுதினேன் அல்லவா? அங்கே அழுதுவிட்டேன்.

நம் ஆட்களில் ஒரு பெரியவர், “பொண்ணே அவ கல்யாணத்துக்குக் கொலவ போடலாமாய்யா?” என்று முணுமுணுத்தார். உன் வீட்டுக்காரர் பொதுவாக யாரிடமும் எதிர்த்துப் பேசாதவர். நேற்று சொன்னார்: “அவ அம்மாவுக்கு மாத்தாப் போட்டா. யாருக்கு என்ன நட்டம்?” சம்பந்தியம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு தடவை போடு என்கிறார். நல்ல மனுஷி.

பந்தியில் ஈஸ்வரியைப் பிடித்து, “எப்படீடி?” என்றேன். கப்பைக்கிழங்கு வறுவலைக் கடித்துக்கொண்டே சொல்கிறாள்: “அந்த ரெக்கார்ட்ல இருந்தது ஆருன்னு நெனச்சீங்க? நானாக்கும். நேரா போடறதுக்கு நாணமா இருந்துச்சு. பூசணிக்காய்க்குப் பின்னால இருந்து சின்னதுல எத்தனை கேட்டிருக்கேன்! அம்மா மூச்சு விட்டா நீங்க பிடிக்கும், நீங்க விட்டா அம்மா பிடிக்கும். அப்பம் நான் பிடிக்க வேண்டாமா?”

வைப்பின் படகு திரும்பிப் பார்த்ததா என்று கேட்பாய். மாப்பிள்ளையின் மாமா ஒருவர் படகுத் துறையில் நின்றபோதே கேட்டதாகச் சத்தியம் செய்கிறார். பாயசத்துக்கு மேல் பேசுகிற பேச்சுதான், ஆனாலும் நான் நம்புகிறேன்.

தழும்பு இருக்கிறது மைனி, இருந்துவிட்டுப் போகட்டும். நான் டப்பாவை விட மாட்டேன், தினமும் பந்தை எழுப்புவேன். அடுத்த குலவை உன் பேரப்பிள்ளைக்கு. அன்றைக்கும் பாதியில் மூச்சு அறுந்தால் எனக்குப் பயமில்லை, பிடித்துக்கொள்ள ஆள் இருக்கிறது. இது உன் கையில் மறுபடியும் அடித்துத் தருகிற சத்தியம்.

பாதி மூச்சோடும் முழு வாயோடும்,
உன் மைனி, உன் மகளுக்கு அத்தை,
வேலம்மா