நாலு அறையிலும் உன்னைக் காணோம்

வீட்டுக்காரம்மாவுக்கு,

உன் முழங்கால் தேவலையா? நான் சௌக்கியம். நேற்று ஆபீசில் எல்லோர் முன்னாலும் குப்பைக்கூடைக்குள் காலை விட்டு விழுந்ததைத் தவிர.

போன வாரம் நெஞ்சு லேசாக வலித்தது. டாக்டர் ஸ்கேன் எடுத்தார். ஸ்கேன் படங்களை வைத்துக் கம்ப்யூட்டரில் துடிக்கிற இதயம் செய்வதுதானே என் பிழைப்பு? என்னுடையதையும் நானே செய்தேன். வீடு அளவுக்குப் பெரிதாக்கி, விஆர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். நாலு அறையிலும் தேடினேன், உன்னைக் காணோம். கண்ணாடி போட்டால் ஆபீஸ் தரை தெரியாது. தேடிய வேகத்தில்தான் அந்தக் கூடை.

அப்புறம் டாக்டரும் மாட்டிப் பார்த்தார். "அடைப்பு கிடைப்பு ஒண்ணும் இல்ல சார், வெறும் வாயு. நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்றார். அப்பாடா! நான் துளிகூடப் பயப்படவில்லை. நீயும் பயப்படாதே.

உன் தலையணை உறை ஒன்றை அனுப்பு. துவைக்க வேண்டாம். ஆபீஸ் பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் தலைவலி

பி.கு.: ஸ்கேன் எடுத்தபோது இதயம் எந்த வேகத்தில் துடித்ததோ, நான் செய்த மாடலும் அதே வேகத்தில்தான் துடிக்கும். அதைப் பார்த்துவிட்டு டாக்டர் கேட்டார்: "ஸ்கேனுக்கு ஓடியா வந்தீங்க?"